காய்ந்த வருசம் நீலமாக வந்தது

கிளிநொச்சிப் பக்கம் கமக்காரர் ஒருவர் முற்றத்து மழைமானியைப் பார்த்துப் பல வருசமாகக் கொப்பியில் எழுதி வருகிறார். வருசத்துக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம், எல்லாம் மில்லிமீற்றரில். எங்களோடு ஆர் (R) என்ற கணினி மொழி பழகும் தங்கச்சி ஒருத்தி அதை நிறக் கட்டங்களாக்கி, சிறுபோகக் கூட்டத்துக்கு முன்னம் அவரிடம் காட்டினாள். குறைந்த மழைக்கு வெளிர்மஞ்சள், கூடக் கூட நீலம். பார்க்க நல்ல வடிவு.

ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரலை ஓட்டினார். 2016இல் விரல் நின்றது. "பிள்ளை, அந்த முறை மாரி பொய்த்துப் போச்சு. இதிலை மழை மாதம் கடும் நீலமாக் கிடக்கு. 2018 மார்கழி வெள்ளமும் இதே நீலமோ?"

அவர் கேட்டது முழுக்கச் சரி. ஆரில் நிறக் கட்டப் படம் வரையும் ஹீட்மப் (heatmap) கட்டளை, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு வரியையும் அந்த வரியின் சராசரியை வைத்தே தரப்படுத்தும். வறண்ட வருசமோ வெள்ள வருசமோ, அந்தந்த வருசத்தில் கூட மழை பெய்த மாதம் கடும் நீலமாகிவிடும். ஒத்த வரிகளைப் பக்கத்தில் சேர்ப்பதால் வருச ஒழுங்கும் குலையும். தரப்படுத்தலைச் சொல்லும் 'ஸ்கேல்' (scale) என்பதற்கு 'நன்' (none, வேண்டாம்) கொடுத்து, வரி, நிரல் இரண்டையும் அது மாற்றி அடுக்குவதையும் நிறுத்தியதும் 2016 வெளிறிப் போனது. ஐயா தலையாட்டினார்.

இப்போது நாங்கள் ஆரின் படம் வரையும் பொதியான ஜிஜிபிளொட்2இல் (ggplot2), கட்டம் வரையும் ஜியோம் டைல் (geom_tile) போட்டுத்தான் செய்கிறோம். முதலில் அட்டவணையை நீள வடிவுக்கு, அதாவது ஒவ்வொரு மாத அளவும் தனி வரியாக வரும்படி, மாற்ற வேண்டும். மாதங்களின் ஒழுங்கையும் நாமே சொல்ல வேண்டும். விட்டால் அகர வரிசையில் ஆடி முன்னுக்கு வரும், தை நடுவில் நிற்கும்.

நான் விட்டுக்கொடுக்காத விசயம் ஒன்று உண்டு. அந்தக் கொப்பியில் யுத்தம் நடந்த 2009இல் பல மாதங்கள் வெறுமை. இடம்பெயர்ந்து போனவர்கள் மழை அளக்கவா முடியும்? அதில் பூச்சியம் போட்டால் மழையே இல்லை என்று படம் சொல்லும். வெறுமையாகவே விட்டால் ஜிஜிபிளொட் சாம்பல் நிறம் தரும். ஆடியில் மழை பெய்யாதது வேறு, அளக்க ஆளில்லாதது வேறு. படத்தின் கீழ் அதை ஒரு வரியில் எழுதியும் விடுகிறோம்.

நிறத்துக்கு விரிடிஸ் (viridis) என்ற நிற வரிசை நல்லது. வெளிச்சம் ஒரே சீராகக் கூடுவதால் கறுப்பு வெள்ளைப் பிரதியிலும் வித்தியாசம் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர்களும் வாசிக்கலாம்.

குளத்து நீர்மட்டத்தை இப்படி வரைந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். மழைக்குப் பக்கத்தில் அதையும் வைத்துப் பார்க்க வேண்டும்.