ஏழரை நோட்டும் எழுபத்தைந்து வயசும்: பழைய நோட்டு, காசு சேர்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

ரங்கூன் நோட்டுக்காரன்:

வருகிற தை பிறந்தால் எனக்கு எழுபத்தைந்து. மற்றவர்களுக்கு இது பவளவிழா வயசு. பர்மா நோட்டு சேர்க்கிறவனுக்கு மட்டும் இந்த எண்ணைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். சாட் என்பது பர்மாப் பணம். 75 சாட் நோட்டு 1985 நவம்பரில் வந்தது. அப்போது பர்மாவை ஆண்ட ஜெனரல் நே வின்னின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்காக அடித்தது என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி, 25 சாட், 35 சாட் நோட்டுகளோடு சேர்த்து அதையும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். முன்னறிவிப்பும் கிடையாது, மாற்றித் தருவதும் கிடையாது. இரண்டு வயசு நிறைவதற்குள் ஆயுசு முடிந்துவிட்டது. அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு ஏழரை என்றுதான் பெயர். "ஏழரை பத்திரமா பீரோவுக்குள்ள இருக்கா?" என்று என் வீட்டுக்காரி இப்போதும் கேட்பாள். நோட்டையா என்னையா என்று நான் துருவுவதில்லை.

இந்தத் திரியைத் தொடங்கியதற்குக் காரணம், போன வாரம் டீக்கடையில் நடந்த பேச்சு. எங்கள் கூட்டத்தில் இப்போது மூன்றே பேர்தான். மற்றவர்கள் சிலர் மகன் வீட்டோடு போய்விட்டார்கள், சிலர் போயே விட்டார்கள். மூன்று பேருக்கும் நோட்டுப் பைத்தியம். உங்களுக்குத் தெரியாததல்ல, நாம் ஒரு நோட்டைக் கையில் எடுத்தால் முதலில் குறைதான் தேடுவோம். மடிப்பு உண்டா, மூலை மழுங்கியிருக்கிறதா, கறை உண்டா, நோட்டுக்கட்டைத் தைத்த ஊசி ஓட்டை உண்டா, கிழிசலை டேப் போட்டு ஒட்டியிருக்கிறதா, தண்ணீரில் கழுவி இஸ்திரி போட்டு ஏமாற்றுகிறார்களா. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கிரேடு. அன்றைக்குச் சும்மா இருக்க முடியாமல் ஒருவருக்கொருவர் கிரேடு போட ஆரம்பித்தோம்.

தையல் கடை வைத்திருந்த நண்பர், மடிப்புக் குறைவு, நிறம் மங்கவில்லை, வெரி ஃபைன் கொடுக்கலாம். ஆனால் ஊசி ஓட்டை எக்கச்சக்கம். தினம் இரண்டு வேளை இன்சுலின். இன்னொருவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அது ஒட்டுப்போட்ட நோட்டு என்றேன். "ஒட்டு உள்பக்கம்தானே, முன்பக்கம் பார்த்துப் போடு" என்று மேல்முறையீடு செய்தார். என் முறை வந்தது. நான் தலைக்கு மை பூசுகிறவன். இருவரும் ஒரே குரலில், "கழுவி இஸ்திரி போட்டது!" என்றார்கள். அது தெரிந்தால் பாதி விலைதான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

டீக்கடை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் டீக்கடைப் பிளாஸ்டிக் முக்காலியைக் கண்டுபிடித்தவனுக்கு முட்டி இருந்திருக்காது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். உட்காருவது பிரச்சினை இல்லை, அதை பூமியே பார்த்துக்கொள்ளும். எழுந்திருக்கத்தான் இரண்டு பையன்கள் வேண்டும். அந்தப் பையன்களைக் கூப்பிடுவதிலும் இப்போது சிக்கல். இங்கே பர்மாக்காரர்கள் உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பித்தான் பையனைக் கூப்பிடுவார்கள். வாழ்நாள் முழுக்க எனக்கு அது கைவந்த கலை. பல்செட் கட்டிய பிறகு முதல் தடவை கூப்பிட்டேன், விசில்தான் வந்தது. பையன் வரவில்லை. அனோரத்தா ரோட்டில் படுத்திருந்த நாய் எழுந்து வந்தது. இப்போது கரண்டியால் கோப்பையைத் தட்டுகிறேன்.

அப்புறம் ஸ்காட் மார்க்கெட். போஜோ மார்க்கெட் என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, என் வாய்க்கு மட்டும் இன்னும் ஸ்காட்தான். அங்கே ஒரு கடையில் ஜப்பான் காலத்து ரூபாய் நோட்டுகளைக் கட்டுக்கட்டாகப் போட்டிருப்பார்கள். 1942இலிருந்து அடித்துத் தள்ளியவை. வரிசை எண்ணெல்லாம் கிடையாது, எழுத்து மட்டும், பர்மாவுக்கென்று 'பி'யில் தொடங்கும். விலை மலிவு, அதனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். நானும் பழைய சாமான் வரிசைக்கு நடுவில் முக்காலி போட்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பித்தளைப் பிடி போட்ட என் பூதக்கண்ணாடியைக் காட்டி விலை கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரப் பெண் ஒரு விலை சொல்லிவிட்டாள். அவர் பேரம்கூடப் பேசவில்லை. "போபோ (தாத்தா), கொடுத்துடுங்க" என்று என்னிடம் கண்ணைக் காட்டினாள். நல்ல விலை. கொடுத்துவிட்டேன். அவள் கமிஷன் எடுத்துக்கொண்டாள், நியாயம்தானே. அவர் போகும்போது என்னையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அதற்கு அவள் காசு கேட்காதது எனக்கு வருத்தம்தான்.

ஒன்று மட்டும் நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன், ஞாபகமறதி நம் தலைமுறையை அவ்வளவு சீக்கிரம் அண்டாது. குறுக்கெழுத்து போடு, கணக்குப் போடு என்று டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள். நாம் அந்த மருந்தை 1986லேயே சாப்பிட்டுவிட்டோம். அந்த ஆகஸ்டில் 15, 35 சாட் நோட்டுகள் வந்தன. பன்னிரண்டு சாட்டுக்குச் சாமான் வாங்கி ஒரு எழுபத்தைந்தை நீட்டினால் மீதி அறுபத்துமூன்று. அதை முப்பத்தைந்து, பதினைந்து, பத்து, மூன்று ஒற்றை என்று கடைக்காரர் எண்ணிப் போடுவார். நீங்களும் மனசுக்குள் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். பின்னால் நாலு பேர் நின்று முணுமுணுப்பார்கள். அது பழகி முடிவதற்குள் 35ஐயும் 75ஐயும் ஒழித்து, 1987 செப்டம்பர் 22ஆம் தேதி 45, 90 என்று இரண்டைக் கொண்டுவந்தார்கள். நாலும் ஐந்தும் ஒன்பது, ஒன்பதும் சைபரும் ஒன்பது. ஜோசியம் பார்த்தவர்கள் ராசியான எண் என்று ஒன்பதைப் பார்த்தார்கள், சில்லறை கொடுக்கிறவன் படும் பாட்டை யார் பார்த்தார்கள்?

சரி, நான் நிறையப் பேசிவிட்டேன். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

பெகு டீச்சரம்மா:

தம்பி, என்னைவிட இளையவர்தான் நீங்கள், தம்பி என்றே சொல்கிறேன். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை வைத்துப் போன வருஷம் ஆபரேஷன் நடந்தது. புரை வைத்த கண்ணுக்கு எல்லாம் பழுப்பாகத்தான் தெரியும் என்பது அது போன பிறகுதான் புரியும். கட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் ஆல்பத்தைத்தான் திறந்தேன். 1972, 73இல் வந்த ஒரு சாட், பத்து சாட் நோட்டுகளெல்லாம் மழையில் பழுத்துப்போய்விட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் அச்சாபீசிலிருந்து நேற்று வந்ததுபோல இருக்கின்றன. அப்படியே தலையை நிமிர்த்தினேன், வீட்டுக்காரர் எதிரில் நிற்கிறார். ஆல்பத்துக்குப் பத்து வயசு குறைந்த அதே நேரத்தில் அவருக்குப் பத்து வயசு கூடிவிட்டது. அவர் பாவம், "கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று ஆசையாகக் கேட்கிறார். ரொம்ப நல்லாத் தெரியுது என்றேன். கண்ணாடியைப் பார்த்ததும் என் சிரிப்பும் நின்றுவிட்டது, அது வேறு கதை.

மோல்மேன் காசுக்கடல்:

அண்ணே, நீங்கள் நோட்டு, நான் காசு. நோட்டு கீழே விழுந்தால் சத்தம் போடாமல் காலடியில் கிடக்கும். காசு ஓடும். எங்கள் வீடு தேக்கு மரவீடு, தூண்மேல் நிற்பது, தரைப்பலகைக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. எனக்கோ கை நடுக்கம். 1966இல் வந்த அலுமினியக் காசு இருக்கிறதே, பர்மா சுதந்திரத் தலைவர் ஜெனரல் ஆங் சான் தலை போட்டது, அதற்குக் கனமே கிடையாது, ஃபேன் காற்றுக்கே நகரும். நான் எடுப்பேன், அது நழுவும், பலகை இடுக்கில் போகும், வீட்டுக்கு அடியில் கோழிகளுக்கு நடுவே விழும். முன்பெல்லாம் நானே குனிந்து போய் எடுத்துவருவேன். இப்போது குனிந்தால் நிமிர்வது யார் பொறுப்பு?

பேரனைக் கூப்பிட்டேன். முதலில் சும்மா எடுத்துக் கொடுத்தான். அப்புறம் ஒரு காசுக்கு இருநூறு சாட் என்று ரேட் போட்டான். மழை நாளில் முந்நூறு, சேறு இருக்கிறதாம். அந்த ஐந்து பியா காசை (நூறு பியா ஒரு சாட்) விற்றால் இருநூறு கிடைக்குமா என்பது வேறு விஷயம். போன வாரம் தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தது. என்னடா இது என்று பார்த்தால், பொடியன் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான். எங்கள் வம்சத்தில் வியாபாரம் செய்து முன்னுக்கு வரப்போகிற முதல் ஆள் அவன்தான் என்று அவன் அப்பனிடம் சொல்லியிருக்கிறேன்.

ரங்கூன் நோட்டுக்காரன்:

மேஜைக்கு மேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் வைத்துப் பாருங்கள் தம்பி. காசு உருளாது. பேரனுக்கு வருமானம் போகும், அதற்கு நான் பொறுப்பில்லை.

வியாசர்பாடி பர்மாக்காரன்:

நான் இப்போது சென்னையில். 1964க்குப் பிறகு கப்பலேறி வந்த குடும்பம். இங்கே வயசானவர்கள் கூடினால் இன்றைக்கும் ரங்கூன் பேச்சுதான். என் கதை எங்கள் ஆத்தாவின் கதை. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள் அல்லவா? ஆத்தா அதை நம்பவே இல்லை. "நோட்ட அடிச்சவனே செல்லாதுன்னு சொல்லுவானாக்கும்?" என்று தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டது. கப்பலில் ஏறும்போது நகை நட்டையெல்லாம் தடுத்து நிறுத்தினார்கள். ஆத்தா தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பீரமாக ஏறியது. செல்லாத நோட்டைக் கடத்திக்கொண்டு வந்த ஒரே பெண்மணி என்று அப்பா சாகிறவரை கேலி செய்தார்.

அந்தத் தலையணையில் ஆத்தா கடைசிவரை தலை வைத்துப் படுத்தது. பஞ்சு மாற்ற விடவில்லை. பிரித்தபோது நோட்டெல்லாம் தலை எண்ணெய் ஊறி மொரமொரப்பே இல்லாமல் கிடந்தது. இங்கே ஒரு வியாபாரியிடம் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "கறை இருக்கு சார், கிரேடு வராது" என்றான். ஏண்டா, அது கறையா? விற்கவில்லை. இப்போது எனக்கும் கழுத்துவலி. பர்மா தலையணை வேண்டாம், மெல்லிசு தலையணை வை என்கிறார் டாக்டர்.

டாலர் தம்பி:

ஐயாமார்களுக்கு வணக்கம். நான் இருபத்தெட்டு வயசுக்காரன், போன் கடையில் வேலை. வயசுக் கதை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் ஒன்று. எங்கள் தாத்தா டாலர் மாற்றப் போனார், நானும் துணைக்குப் போனேன். நம் ஊரில் டாலரில் நடுவில் ஒரு மடிப்பு இருந்தாலே முகத்தைச் சுளிப்பார்களே. கவுன்டரில் இருந்த பெண் நோட்டை விளக்கில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மடிப்பு இருக்கு, எடுக்க முடியாது" என்றாள். தாத்தா அமைதியாக அடையாள அட்டையை எடுத்து வைத்து, "அம்மாடி, இந்த ஆளுக்கும் மடிப்பு இருக்கு, இவரை எடுத்துக்குவீங்களா?" என்றார். வரிசையே சிரித்தது. நோட்டை மட்டும் வாங்கவே இல்லை. வெளியே வந்து, மடிக்காமல் எடுத்துப்போக என் கணக்கு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். அதோடு புத்தகத்தையும் எங்கேயோ வைத்துவிட்டார். ஐயா, இதற்குத்தான் போனிலேயே பணம் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். இனி நோட்டெல்லாம் எத்தனை நாளைக்கு?

ரங்கூன் நோட்டுக்காரன்:

உன் தாத்தாவை ஒருநாள் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு வா தம்பி, எங்களுக்கு நாலாவது ஆள் வேண்டும். போனில் பணம் வைக்கச் சொல்கிறாய். வைத்திருக்கிறேன், மருமகள் போட்டுக் கொடுத்தாள். கரண்ட் போய், சார்ஜ் போய், காய்கறிக்காரி முன்னால் நிற்கும்போது எனக்குக் கைகொடுப்பது பாக்கெட்டில் கிடக்கும் கசங்கிய ஐந்நூறுதான். அதுவும் ரகசிய எண்ணைக் கேட்கும்போதுதான் கொஞ்சம் முன்னால் நான் அலட்டிக்கொண்ட ஞாபகசக்திக்குச் சோதனை வருகிறது. 75 நோட்டு வந்த தேதி, போன தேதி எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நேற்று நானே போட்ட ஆறு எண் மட்டும் வராது.

டீச்சரம்மாவுக்கு ஒரு விஷயம். மழைக்காலத்தில் ஆல்பத்தைச் சுவர் ஓரமாக வைக்காதீர்கள். ரங்கூன் ஈரத்தில் பூஞ்சை இரண்டே வாரத்தில் பிடித்துவிடுகிறது. கரையானும் ராமபாணப் பூச்சியும் வேறு. மருந்துப் பாட்டிலுக்குள் சின்னப் பொட்டலமாக ஈரம் உறிஞ்சும் மணி வருமே, அதை எறியாமல் ஆல்பப் பெட்டியில் போட்டுவிடுங்கள். நமக்குக் கிடைக்கும் மருந்துப் பாட்டிலுக்கு அந்தப் பொட்டலத்துக்குப் பஞ்சமே இல்லை. என்னிடம் அப்படிச் சேர்ந்ததே ஒரு சேகரிப்பு.

பெகு டீச்சரம்மா:

போடுகிறேன் தம்பி. ஆனால் பெட்டியை வெளியே எடுக்கும்போது, பொட்டலத்தை மாத்திரை என்று நினைத்து வீட்டுக்காரர் விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை.

மோல்மேன் காசுக்கடல்:

அண்ணே, துண்டு விரித்தேன். காசு உருளவில்லை. பேரன் பேசுவதில்லை.

அது கிடக்கட்டும். ஒரு பண்டமாற்று. என்னிடம் 45 சாட் நோட்டு இரண்டு இருக்கிறது, எண்ணெய்க்கிணற்றுத் தொழிலாளர் தலைவர் போ லா ஜீ படம் போட்டது, மடிப்பே இல்லை. விவசாயிகள் கிளர்ச்சித் தலைவர் சாயா சான் படம் போட்ட 90 சாட் யாரிடமாவது கூடுதலாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் பிளஸ் மூன்று பவரில் கண்ணாடி ஒன்று இருந்தாலும் சரி. பழைய கண்ணாடி பலகை இடுக்கில் விழுந்துவிட்டது, அதற்குப் பேரன் ஆயிரம் கேட்கிறான்.