மறு: நுழைவாயில் வளைவு நிதி – ஊராட்சித் தலைவர் உண்மையில் என்ன சொன்னார்

11.06.2023, ஞாயிறு

அன்புள்ள சங்க உறவுகளுக்கு,

வணக்கம். ஊர் நுழைவாயில் வளைவுக்குத் தலைக்கு 300 சிங்கப்பூர் வெள்ளி கேட்டுப் பொருளாளர் அண்ணன் அனுப்பிய மடலையும், அதற்குக் கீழே "நேற்றுப் பிறந்த பெண் நமக்குப் புத்தி சொல்வதா" என்று நம் ஊராட்சித் தலைவரைப் பற்றி ஜூரோங் மாமா எழுதியதையும் படித்தேன். மே 1 கிராம சபையில் நேரில் உட்கார்ந்திருந்தவன் இந்தக் குழுவில் நான் ஒருவன்தான் என்பதால், அங்கே நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வளைவு வேண்டாம் என்று தலைவர் சொல்லவில்லை. தினமும் காலையில் மூன்று தனியார் பள்ளி வேன்கள் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுக்குள் நுழைந்துதான் வெளியே போகும், அதற்கு எவ்வளவு உயரம் வைக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்டார். நாம் பூவரச இலையில் கோதுமை உப்புமா வாங்கித் தின்ற தொடக்கப் பள்ளியில் இப்போது 34 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான் என்பதால், அந்த இருவரே ஐந்து வகுப்புகளையும் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தனி ஆள். 61-ஆவது பிள்ளை சேர்ந்தால்தான் மூன்றாவது ஆசிரியரைக் கேட்க முடியும். ஆசிரியர் இல்லையென்று நாம் பிள்ளையை எடுக்கிறோம், பிள்ளை இல்லையென்று ஆசிரியர் வருவதில்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பதைத் தவிர வேறு அரசியல் தனக்குத் தெரியாது என்றார். பேச்சோடு நிற்காமல், தன் அண்ணன் மகளை வேனிலிருந்து இறக்கி இந்தப் பள்ளியில் சேர்க்கப் பெயர் கொடுத்திருக்கிறார்.

எந்தக் கட்சி என்று கீழத்தெருப் பெரியப்பா மடக்கினார். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது என்பதைக்கூடத் தலைவர் சொல்லிக்காட்டவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கும் பெரியப்பாவின் மருமகள் கடைசியாக எந்த மாதக் கூட்டத்துக்கு வந்தார் என்று மட்டும் கேட்டார். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதெல்லாம் வருகைப் பதிவேட்டில் தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். பெரியப்பா அதற்குப் பிறகு பேசவில்லை.

இட ஒதுக்கீட்டில் வந்தவர்தானே என்கிறார் மாமா. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்து, 2019 டிசம்பரில் நம் ஊர் அந்தப் பாதியில் விழுந்தது உண்மைதான். மகள் கையெழுத்துப் போடுவார், அப்பா ஆட்சி நடத்துவார் என்று அன்று பந்தயம் கட்டியவர்களில் நானும் ஒருவன், தோற்றேன். இங்கே சிங்கப்பூரில் 21 வயதானவர் நாடாளுமன்றத்துக்கே போட்டியிடலாம் என்பதைப் பெருமையாகப் பேசும் நாம், ஊரில் 26 வயதுத் தலைவரைச் சின்னப் பிள்ளை என்பது எந்த நியாயம், மாமா?

இனி, கணக்கு. பள்ளிக்குத் தரும் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தன் கையில் தர வேண்டாம் என்றும், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தரும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாக, இன்ன பள்ளிக்கு இன்ன வேலை என்று குறிப்பிட்டே கட்டுங்கள் என்றும் தலைவர் சொன்னார். அவர் கேட்பது பெண் பிள்ளைகளின் கழிவறைக்குத் தண்ணீர் இணைப்பும் இரண்டு வகுப்பறைகளுக்குத் தரையும்தான். மதிப்பீடு இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை. நாம் 42 பேர் சேர்த்தால் 12,600 வெள்ளி, அதாவது ஏழரை லட்ச ரூபாய்க்கு மேல்.

ஆனால் ஒன்றை இப்போதே தெளிவாக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிஆர்களும் (நிரந்தரவாசிகளும்) வொர்க் பெர்மிட் தம்பிகளும் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிங்க் ஐசி, அதாவது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கான அடையாள அட்டை, வாங்கிவிட்ட என்னைப் போன்றவர்கள் கொடுத்தால் ஆகும். எனவே இரண்டு பணத்தையும் ஒரே உண்டியலில் போடக் கூடாது. சொந்தக்காரர் யாராவது ஒருவர் கணக்குக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஈசூன் அண்ணன் எழுதியிருப்பது, 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது நாம் செய்த அதே காரியம். அந்தக் கணக்கைக் கேட்டதற்குத் தேக்கா கூட்டத்தில் எனக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுதினால் உறவு கெடும். தாள் இன்றுவரை வரவில்லை.

வெயிலால் தள்ளிப்போன தொடக்கப் பள்ளி வரும் புதன்கிழமை, 14-ஆம் தேதி, திறக்கிறது. கஜா கணக்குத் தாள் இந்தக் குழுவுக்கு வந்து சேரும் வரை வளைவுக்கான என் 300 வெள்ளியை அனுப்புவதாக இல்லை. யாருடைய கையில் எந்த ஐசி இருக்கிறது என்ற பட்டியலைப் பொருளாளர் அண்ணன் அதோடு சேர்த்து அனுப்பினால், அடுத்த ஞாயிறு கூட்டத்தில் பள்ளிக்கு யார் எந்த வழியில் கட்டலாம் என்று முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
நடுத்தெரு, தற்போது தோ பாயோ