ஹாஸ்டல் வைஃபையில் பிரிண்டர் சேரவே மாட்டேன் என்கிறது, வழி உண்டா?

மூணாம்மாடி_ரூம்:
இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல். ரெக்கார்டு, புராஜெக்ட் ரிப்போர்ட் என்று எதற்கெடுத்தாலும் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று ரூமில் எல்லோரும் காசு போட்டு ஒரு வைஃபை பிரிண்டர் வாங்கினோம். ஊரில் வீட்டு வைஃபையில் அருமையாக ஓடியது. இங்கே ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் கேட்கும் வைஃபை, ஆனால் பிரிண்டரில் பாஸ்வேர்டு போட மட்டும்தான் இடம் இருக்கிறது. கெஸ்ட் வைஃபையில் போட்டால் சேர்ந்துகொண்டு நீல விளக்கும் எரிகிறது, லேப்டாப்பில் தேடினால்தான் ஆளைக் காணோம். ரீசெட் எல்லாம் செய்தாயிற்று.

பழைய_நெட்வொர்க்_ஆள்:
தம்பி, பிரிண்டரில் கோளாறு இல்லை, ரீசெட் செய்வதை நிறுத்துங்கள். ரோல் நம்பர் கேட்பது டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ் வகை, வீட்டுக்காகச் செய்யும் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியாது. கெஸ்ட் வைஃபையில் சேர்ந்தும் தெரியாததற்குக் காரணம் வேறு. அங்கே ஒருவர் சாதனம் இன்னொருவர் சாதனத்தோடு பேசாதபடி அட்மின் தடுத்திருப்பார், கிளையண்ட் ஐசொலேஷன் என்பார்கள். நூற்றுக்கணக்கான பேர் இருக்கிற இடத்தில் அது நியாயம்தான், இல்லாவிட்டால் உங்கள் பிரிண்டரில் பக்கத்து ரூம்காரர் கொடுத்ததும் சேர்ந்து வரும். பிரிண்டரின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் அடையாள எண்ணைக் கொடுத்து ஐடி ஆபீஸில் பதிவு செய்தாலும் இந்தத் தடை இருக்கிறவரை பிரயோஜனம் இல்லை. அதனால் ஹாஸ்டல் வைஃபையை விட்டுவிடுங்கள். பிரிண்டரிலேயே வைஃபை டைரக்ட் இருக்கும், அதை ஆன் செய்தால் 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயரில் தனி வைஃபை வரும், நேராக அதில் சேருங்கள்.

மூணாம்மாடி_ரூம்:
அண்ணா, பிரிண்ட் வந்துவிட்டது! ஆனால் அதில் சேர்ந்ததும் லேப்டாப்பில் நெட் போய்விடுகிறது, ஒவ்வொரு தடவையும் மாற்றி மாற்றிச் சேர வேண்டியிருக்கிறது.

கேபிள்_கட்சி:
அதற்கு விண்டோஸில் மொபைல் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே. லேப்டாப் ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும்போதே அதை ஆன் செய்து பிரிண்டரை அதில் சேர்த்துவிட்டால் நெட்டும் இருக்கும் பிரிண்டும் வரும். பேண்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள், நிறைய பிரிண்டருக்கு 5 தெரியாது. பவர் சேவிங்கையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிரிண்டர் தூங்கப்போனதும் ஹாட்ஸ்பாட்டும் படுத்துவிடும். என்னைக் கேட்டால் ஒரு யுஎஸ்பி கேபிள் வாங்கிச் செருகிவிட்டுப் படிக்கிற வேலையைப் பாருங்கள் என்பேன். பிரிண்டருக்குப் பின்னால் சதுர ஓட்டை இருக்கும், கடையில் பிரிண்டர் கேபிள் என்று கேட்டாலே தருவார்கள்.

சி_பிளாக்:
சுவரில் நெட் கேபிள் செருகும் லேன் பாயிண்ட் இருந்தால் ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டினால் எல்லாம் முடிந்தது ப்ரோ, எதற்கு இவ்வளவு சுற்று?

பழைய_நெட்வொர்க்_ஆள்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேபிளைத் தப்பான ஓட்டையில் செருகினால் உங்கள் ரவுட்டர் மாடி முழுக்கத் தப்பான ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் கொடுக்கும் எண்) கொடுக்க ஆரம்பித்துவிடும், எல்லோருக்கும் நெட் நின்றுபோகும், எந்த ரூம் என்று கேபிள்கள் போய்ச் சேரும் நெட்வொர்க் சுவிட்சில் எந்தப் போர்ட் என்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் வார்டனிடம் போய் நிற்க வேண்டியதுதான். லேன் பாயிண்டில் மாட்டாமல் வெறும் ரவுட்டராக, நெட் இல்லாமல் பிரிண்டருக்கு மட்டும் வைத்தால் இந்த வம்பு கிடையாது, ஆனால் சொந்த வைஃபையே கூடாது என்று ஹாஸ்டல் விதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூணாம்மாடி_ரூம்:
ஹாட்ஸ்பாட்டில் நன்றாக வருகிறது, நன்றி. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது.

கேபிள்_கட்சி:
ஐபி மாறியிருக்கும். பிரிண்டர் மெனுவில் நெட்வொர்க் விவரம் எடுத்துப் பாருங்கள், 192.168.137 என்று ஆரம்பிக்கும். அந்த முகவரியைப் பிரிண்டரிலேயே மேனுவல் என்று நிலையாக வைத்துவிட்டு, விண்டோஸில் பிரிண்டர் பிராப்பர்டீஸில் போர்ட்ஸ் போய் விண்டோஸ் தானாகவே போட்டிருக்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டுக்குப் பதில் ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட் சேர்த்து அதே முகவரியைக் கொடுங்கள். அப்படியும் ஆஃப்லைன் காட்டினால் அந்தப் போர்ட்டின் கான்ஃபிகரில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் (பிரிண்டரின் நிலையை விண்டோஸ் கேட்டுப் பார்க்கும் வழி) டிக்கை எடுத்துவிடுங்கள். ரூமில் மற்றவர்கள் பிரிண்ட் எடுக்க உங்கள் ஹாட்ஸ்பாட்டில்தான் சேர வேண்டும், எட்டுப் பேர்வரை சேரலாம், பிரிண்டரையும் ஒன்றாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.