எட்டு ரெப்போவுக்கும் ஒரே டெஸ்ட் கோப்பு, '@மெயின்' போதுமாம்!

உப்புவெளியான்: டொக்யார்ட் தம்பி நேற்று எழுதியதைப் படித்த பிறகு தேத்தண்ணி இறங்கவில்லை. "கிட்ஹப்பில் டெஸ்ட் வேர்க்ஃப்ளோவை (கோட் மாறும்போது தானே ஓடிச் சோதிக்கும் கோப்பு) ஒரு ரெப்போவில் (கோட் களஞ்சியம்) வையுங்கள், மற்ற எட்டும் அதை @மெயின் (முதன்மைக் கிளையில் அந்நேரம் இருக்கும் பதிப்பு) என்று கூப்பிட்டால் போதும், கமிட் எண் (மாறாத ஒரு பதிப்பின் அடையாளம்) எழுதுகிறவர்கள் பயந்தாங்கொள்ளிகள்" என்கிறார். ஒரே இடத்தில் வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த @மெயினில்தான் சண்டை. அந்தக் கிளையில் யார் எதைத் தள்ளினாலும் அடுத்த ஓட்டத்திலேயே எட்டு ரெப்போவும் அதை விழுங்கும். 40 எழுத்துக் கமிட் எண்ணை எழுதக் கை நோகிறதா?

டொக்யார்ட் தம்பி: நோகும் அண்ணை, எட்டுத் தடவை நோகும். 2025 ஏப்ரலில் உபுண்டு 20.04 ரன்னரை (டெஸ்ட் ஓடும் கணினி) கிட்ஹப் நிறுத்தியபோது நான் மாற்றியது ஒரே வரி. எட்டும் பச்சை, எல்லாம் பாஸ். உங்கள் வழியில் எட்டு பி.ஆர். (மாற்றக் கோரிக்கை).

உப்புவெளியான்: அந்த எட்டையும் கிட்ஹப்பின் டிபெண்டபாட் என்ற தானியங்கி போட்டுத் தரும். பார்த்து மெர்ஜ் பண்ணப் பஞ்சி என்றால் அதைச் சொல்லுங்கள். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸுக்கு (பலர் தங்கள் வேர்க்ஃப்ளோவில் பாவித்த வெளியார் நிரல்) நடந்தது மறந்துவிட்டதா? அதன் பதிப்புப் பெயர்களான டேக்குகளைக் கெட்ட கமிட் ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அதைப் பாவித்த ரெப்போக்கள் 23,000க்கு மேல். கடவுச்சொல் போன்ற இரகசியச் சாவிகள், ஓட்டப் பதிவான லாக்கில் வந்து விழுந்தன. முன்பே கமிட் எண்ணில் கட்டி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

டொக்யார்ட் தம்பி: அது ஊரான் பொருள். இது நம்முடைய ரெப்போ.

 

உப்புவெளியான்: நம்முடையதுதான். மெயினில் தள்ளும் அனுமதி ஏழு பேரிடம் இருக்கிறது, இரண்டு பேர் கனடா போய் மூன்று வருசம். போன வருசம் வேர்க்ஃப்ளோ எழுதும் யாமல் கோப்பில் ஒரு இடைவெளி கூடி, வெள்ளிக்கிழமை இரவு எட்டும் சிவந்தது. தள்ளியது யார் என்று எழுதட்டுமா?

டொக்யார்ட் தம்பி: அந்த ஒரு இடைவெளியை இன்னும் எத்தனை நாள் சொல்லுவீர்கள்? நம் சொற்பிழை திருத்தி ரெப்போவில் என் பி.ஆர். ஐந்து மாதம் கிடந்தது. திறந்தும் பார்க்காதவர் யார்?

கிண்ணியாப் பாலம்: எட்டுக் கோப்பிலும் 'சீக்ரெட்ஸ்: இன்ஹெரிட்' (எல்லாச் சாவியையும் அப்படியே கொடு) கிடக்கிறது. ஒரு சாவியும் தேவைப்படாத டெஸ்டுக்கு முழுக் கொத்தையும் தூக்கிக் கொடுக்கிறோம். அதை யாரும் கதைக்கவில்லையே?

உப்புவெளியான்: அது வேறு கதை. 40 எழுத்துக்கு வாருங்கள்.

கிண்ணியாப் பாலம்: உங்களுக்கு எல்லாமே வேறு கதைதான். உட்துறைமுக வீதிக் கடையில் ரோல்ஸுக்குக் காசு கேட்டபோதும் இதையேதான் சொன்னீர்கள்.

உப்புவெளியான்: அந்த 12 ரோல்ஸுக்கும் கொடுத்தது நான்!

டொக்யார்ட் தம்பி: 12 இல்லை, 9. அது கிடக்கட்டும். நீங்கள் எழுதிய பொதுக் கோப்பை இப்போதுதான் திறந்தேன். உள்ளே 'செக்கவுட்@வி4' (கோடை எடுத்துத் தரும் ஆயத்த ஆக்ஷன், வி4 என்ற டேக்கில்) என்று இருக்கிறது. 40 எழுத்து எங்கே அண்ணை?

உப்புவெளியான்: அது கிட்ஹப்பே வைத்திருக்கும் ஆக்ஷன்.

டொக்யார்ட் தம்பி: ஓ, நம்பினவர் வீடு என்றால் டேக் போதும். அந்த நியாயம் உங்களுக்கு மட்டும்தானா?

உப்புவெளியான்: கதையை மாற்ற வேண்டாம். @மெயின் என்றால் @மெயின்தான். நாளைக்கு எட்டு பி.ஆரையும் நானே போடுகிறேன்.

டொக்யார்ட் தம்பி: போடுங்கள். ஐந்து மாதம் கழித்துத் திறந்து பார்க்கிறேன்.