கோர் கம்பெனி இன்டர்வியூக்கு மூணு வாரம்தான்: மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணு எப்படித் தயாராகணும்?

மெக்_ஃபைனல்இயர்:
ஈரோடு பக்கம் மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். ஒரகடத்துல இருக்கிற ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனி ஜி.இ.டி. (பட்டதாரி பயிற்சிப் பொறியாளர்) வேலைக்கு ஆள் எடுக்க வருது. ஆப்டிட்யூட் முடிஞ்சுது, டெக்னிக்கல், எச்.ஆர். ரெண்டும் பாக்கி. ப்ராஜெக்ட்ல எவ்வளவு ஆழமா கேட்பாங்க? "ஷிஃப்ட் பார்ப்பீங்களா, கல்யாணம் எப்போ"ன்னு கேட்டா என்ன சொல்றது? லிங்க்ட்இன்ல சீனியர்களுக்கு மெசேஜ் போட்டா பதிலே வர்றதில்லை.

டூல்ரூம்_அக்கா:
ப்ராஜெக்ட்டைத்தான்மா தோண்டுவாங்க. உங்க டிராயிங்ல 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு எச்7/ஜி6 ஃபிட் (துளையும் ஷாஃப்ட்டும் எவ்வளவு இடைவெளியோட சேரணும்ங்கிற குறி) போட்டிருக்கீங்கன்னு வைங்க. ஏன் அந்த ஃபிட்னு முதல்ல கேட்பாங்க. துளை 25.000–25.021, ஷாஃப்ட் 24.980–24.993. இடைவெளி குறைஞ்சது 7 மைக்ரான் (மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதிகபட்சம் 41. தாராளமா சுத்தும், ஆனா ஆடாது. இதைப் பேப்பர்ல போட்டுக் காட்டத் தெரியணும்.

அடுத்த கேள்வி, "எதை வெச்சு அளந்தீங்க?" பல பேர் மாட்டுறது இங்கதான். வெர்னியர்னு சொல்லிடாதீங்க. அதோட லீஸ்ட் கவுண்ட், அதாவது அது காட்டுற மிகச் சின்ன அளவு, 0.02 மி.மீ.; ஷாஃப்ட்டோட மொத்த டாலரன்ஸே (அளவு மாறலாம்னு அனுமதிச்ச வித்தியாசம்) 13 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் வரை காட்டுற மைக்ரோமீட்டர் வேணும். உற்பத்தியில ஷாஃப்ட்டுக்கு ஸ்னாப் கேஜ், துளைக்கு கோ–நோகோ பிளக் கேஜ்; அளவு எல்லைக்குள்ள இருக்கா இல்லையான்னு மட்டும் ரெண்டும் காட்டும்.

இன்னொண்ணு முக்கியம். பசங்க லேத்துல நிப்பாங்க, ரிப்போர்ட்டும் பிபிடியும் பொண்ணுங்க தலையில விழும். உங்க டீமும் அப்படின்னா, இந்த வாரமே ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட அனுமதி வாங்கி ஒரு பீஸ் நீங்களே கடைஞ்சிடுங்க. மைல்டு ஸ்டீல், எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல், கட்டிங் ஸ்பீடு நிமிஷத்துக்கு 30 மீட்டர்னா 25 மி.மீ. ராடுக்குச் சுமார் 380 ஆர்.பி.எம். வரும். கைப்பட செஞ்சவங்களுக்கு "சாட்டர் (கடையும்போது வர்ற அதிர்வு) ஏன் வந்துச்சு?"ன்னு கேட்டா உடனே பதில் வரும்: டூல் அதிகமா வெளிய நீட்டியிருக்கும், இல்ல ராடோட மறுமுனையைத் தாங்குற டெயில்ஸ்டாக் சப்போர்ட் இருந்திருக்காது. பதில் சொல்லும்போது "நாங்க"ளை விட்டுட்டு "நான் செஞ்சது இது"ன்னு பேசுங்க.

பிளான்ட்_எச்ஆர்:
கல்யாணக் கேள்விக்குக் கோபமும் வேணாம், சத்தியமும் வேணாம். "பயிற்சிக் காலம் முழுக்க இங்க வேலை செய்யத் தயாரா வந்திருக்கேன்"னு சொல்லிட்டு, வேலையைப் பத்தி ஒரு கேள்வியைத் திருப்பிப் போடுங்க. ஆள் எடுக்கும்போது பெண்களைப் பாகுபடுத்தக் கூடாதுன்னு 1976 சம ஊதியச் சட்டத்துலயே இருந்துச்சு; இப்போ அதுக்குப் பதிலா வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. அது ஞாபகத்துல இருந்தா குரல் நடுங்காது.

ஷிஃப்ட்டுக்கு யோசிக்காம "சரி"ன்னு சொல்லாதீங்க. ராத்திரி வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வருமா, ஷாப் ஃப்ளோர் பக்கத்துலயே பெண்களுக்குக் கழிப்பறை இருக்கா, உள்ளகப் புகார்க் குழுவுல யார் யார்னு கேளுங்க. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடத்துல அந்தக் குழு கட்டாயம், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம். இதையும் கேட்டாகணும்: "முதல் ஆறு மாசம் எந்த டிபார்ட்மென்ட்? ரொட்டேஷன் எல்லா ஜி.இ.டி.க்கும் ஒண்ணுதானா?" பொண்ணுங்களை நேரா டாக்குமென்டேஷன்ல உட்கார வெச்சா, ரெண்டு வருஷம் கழிச்சு புரொடக்‌ஷன் வேலைக்கு விண்ணப்பிக்க அனுபவமே இருக்காது.

ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுட்டு வராதீங்க. ஆஃபர் லெட்டருக்கு டெபாசிட் கேட்டா அது மோசடி.

ரெஃபரல்_ரேவதி:
"ஹாய் அக்கா, வேலை இருக்கா?"ன்னு போட்டா யாருமே பதில் போட மாட்டாங்க. லிங்க்ட்இன்ல உங்க காலேஜ் பக்கத்தைத் திறந்து, அலம்னை பகுதியில கம்பெனி பேரைத் தட்டுங்க. சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்களா பாருங்க. இன்டர்வியூ ஞாபகம் இருக்கும், பேசவும் நேரம் இருக்கும். மெசேஜ் நாலு வரி போதும்: காலேஜ், வருஷம், அவங்க வேலையில நீங்க கவனிச்ச ஒரு விஷயம், பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி. பதில் வரலைன்னா ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை நினைவூட்டுங்க, அதோட விட்டுடுங்க.

பேசி முடிக்கும்போது "வேற யார்கிட்ட பேசலாம்?"னு கேளுங்க. பாதி தொடர்பு இந்த ஒரு கேள்வியிலதான் கிடைக்கும். ரெஃபரல் கேட்கிறதா இருந்தா கேரியர் பக்கத்துல இருக்கிற ஜாப் ஐடி, பிடிஎஃப் ரெஸ்யூம் ரெண்டையும் சேர்த்தே அனுப்புங்க. அவங்களைத் தேட விடாதீங்க. போட்டோ கேட்கிறவர், ராத்திரி கால் பண்ணச் சொல்றவர் யாரா இருந்தாலும் பிளாக் பண்ணிடுங்க, அந்த ரெஃபரலே வேணாம்.

மெக்_ஃபைனல்இயர்:
நன்றி அக்கா. டிராயிங் பிரிண்ட் கையில கொண்டு போகலாமா?

டூல்ரூம்_அக்கா:
கண்டிப்பா, ஏ3 தாள்ல. டைட்டில் பிளாக்ல ப்ரொஜெக்‌ஷன் குறி (பக்கத் தோற்றங்களை எந்த முறையில வரைஞ்சிருக்குன்னு காட்டுற அடையாளம்) இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் டிராயிங் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்க வாடிக்கையாளரோடது தேர்ட் ஆங்கிள். குறியைப் பார்த்ததும் எதுன்னு சொல்லத் தெரியணும்.