மறு: தலைப்புச் சண்டைக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

மடல்கள் வந்து குவிகின்றன, ஆனால் பேச்சு ஒரு மலையக ஊரின் கட்டுரைத் தலைப்பு ‘ஹட்டனா, அட்டனா’ என்ற இடத்திலேயே நிற்கிறது. அது கட்டுரைப் பக்கத்தில் தீர்க்க வேண்டியது. கலைச்சொல் பார்க்கும் இந்தக் குழுவின் வேலை வேறு: தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தின் தலைப்பை மாற்றும் செயலுக்கும், அதன்மேல் எழும் பிணக்குக்கும் என்ன சொல் வைப்பது? இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தலைப்பை மாற்றும் பொத்தானில் ‘நகர்த்து’ என்று இத்தனை வருடமாகப் பழகிவிட்டோம். அதை ஏன் தொட வேண்டும்?

சேர், பழகியது நாம்தான். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்கும்போது முதலில் வரும் கேள்வி, “நகர்த்தினால் பக்கம் எங்கே போகும்?” என்பது. பக்கம் எங்கும் போவதில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் (‘மூவ்’) வந்த வழி தனி. யுனிக்ஸ் கணினிகளில் கோப்பின் பெயரை மாற்றுவதற்கும் அதை வேறோர் அடைவில் கொண்டுபோய் வைப்பதற்கும் ஒரே கட்டளைதான். அங்கே பெயரும் முகவரியும் ஒன்று. நமக்கு அந்தச் சுமை தேவையில்லை. விக்கியில் நடப்பது இவ்வளவுதான்: தலைப்பு மாறுகிறது, தொகுப்பு வரலாறும் உரையாடல் பக்கமும் கூடவே வருகின்றன, பழைய தலைப்பில், வருகிறவரைப் புதிய தலைப்புக்கு அனுப்பிவிடும் ஒரு வழிமாற்று தானாகவே உட்கார்ந்துகொள்கிறது. இதற்குத் ‘தலைப்பை மாற்று’ என்றால் யாருக்கும் விளங்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணக்குத் தொடங்கிச் சில நாள் ஆகாதவருக்கு அந்தப் பொத்தான் கண்ணிலேயே படாது. ‘பக்கத்தை நகர்த்துங்கள்’ என்று அவரிடம் சொன்னால், கட்டுரை முழுவதையும் வெட்டிப் புதுப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார். எழுதியவர்களின் பட்டியல் பழைய பக்கத்தில் அநாதையாக நின்றுவிடுகிறது. விக்கியின் உரை வெளியாகும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் முதல் நிபந்தனையே எழுதியவரைக் குறிப்பிட வேண்டும் என்பதுதான். ஒட்டியவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, நாம் கொடுத்த சொல் அப்படி.

> ‘பெயர்த்தல்’ என்று வைக்கலாம். பெயரும் இருக்கிறது, பெயர்வும் இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

தம்பி, சொல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பொத்தானில் ‘பெயர்’ என்று கண்டால் முதலில் நினைவுக்கு வருவது மொழிபெயர்ப்பு. விக்கியில் அதற்குத் தனிக் கருவியே இருக்கிறது, இரண்டும் குழம்பும். மற்றது, இலங்கையில் ‘இடம்பெயர்ந்தோர்’ என்ற சொல் எத்தனை படிவங்களில் வந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் மேல் மலை சரிந்த பிறகு, பெயர்ந்தது, பெயர்த்தெடுத்தது என்று கதைப்பதே எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி ஒலிக்கும். சொல் சரியாக இருந்தாலும், புழங்கப்போகிறவர் காதில் எப்படி விழும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு முக்கியம் இதுதான்.

ஒருவர் மாற்றுகிறார், மற்றவர் திருப்புகிறார், மூன்றாமவர் வேறொன்று வைக்கிறார். இதற்கிடையில் வழிமாற்று இன்னொரு வழிமாற்றைக் காட்டுகிறது. மென்பொருள் ஒரு தாவல்தான் தாவும், இரண்டாவதில் நின்றுவிடும். பழைய தலைப்பில் இருந்த வழிமாற்றை யாராவது தொகுத்துவிட்டால், நிருவாகி வந்து அழித்தால் ஒழிய அந்தத் தலைப்புக்குத் திரும்ப முடியாது. இதற்குப் ‘பெயர்ப்போர்’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் மாறி மாறித் திருப்புவதற்குத் ‘தொகுத்தல் போர்’ என்று ஏற்கெனவே இருக்கிறதாம், அதற்கு இணையாம். எனக்கு உடன்பாடில்லை. போர் என்றால் எதிராளி வந்துவிடுகிறார். இங்கே இருப்பவர்கள் எதிராளிகள் அல்லர், இருவரிடமும் ஆதாரம் இருக்கிறது.

அட்டன் என்று அச்சிடும் பத்திரிகை உண்டு, ஹட்டன் என்று அச்சிடும் பத்திரிகையும் உண்டு. அப்புத்தளையும் ஹப்புத்தளையும், தலவாக்கலையும் தலவாக்கொல்லையும் அப்படியே. தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் தோட்டத்தைச் சென் கூம்ஸ் என்கிறோம் (‘செயின்ட்’தான் ‘சென்’). தமிழ்ப்பற்று மிகுந்தவர் அதைப் ‘புனித கூம்ஸ்’ ஆக்கினால் பஸ் நடத்துனருக்கே இறக்கிவிடத் தெரியாது. தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். கம்பனிப் பதிவில் ஒரு பெயர், லயத்தில் சொல்வது ஒன்று. ஒரே குடும்பத்தில் தகப்பனின் அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் மற்றொன்று. அந்தப் பிள்ளை தேடுபெட்டியில் எதைத் தட்டும்? தன் கடதாசியில் இருப்பதைத்தான். ஆகவே பிணக்கில் தோற்ற தலைப்பையும் வழிமாற்றாக வைத்துக்கொள்ள வேண்டும். ‘பிழையான பெயர்’ என்று அதை அழிக்கிறவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம்.

எழுத்துக்கூட்டல் சண்டை நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் யோகட் கட்டுரையின் தலைப்பில் ஓர் ‘எச்’ வேண்டுமா வேண்டாமா என்று பல வருடம் இழுபட்டு, 2011இல்தான் ‘எச்’ இல்லாத வடிவத்தில் நிலைத்தது. அங்கே ஓர் ‘எச்’, இங்கே ஒரு ‘ஹ’. கீவ் நகரின் தலைப்பை ரஷ்ய உச்சரிப்பிலிருந்து உக்ரேனிய உச்சரிப்புக்கு மாற்ற 2020 வரை ஆனது. எனக்குப் பிடித்தது போலந்தின் க்டான்ஸ்க் பற்றிய 2005ஆம் வருடத்து வாக்கெடுப்பு. 1308 முதல் 1945 வரையான காலத்தைப் பற்றி எழுதும்போது டான்சிக் என்ற ஜெர்மன் பெயர், மற்றக் காலங்களுக்கு க்டான்ஸ்க் என்று முடித்தார்கள். எந்தப் பெயர் சரி என்ற கேள்வியை எந்தக் காலத்துக்கு எந்தப் பெயர் என்று திருப்பிப்போட்டார்கள்.

‘இந்தியத் தமிழரா, மலையகத் தமிழரா’ என்ற நம் பெரிய பிணக்குக்கு இது உதவும். ‘இந்தியத் தமிழர்’ என்பது 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்து வரும் பிரிப்பு. அந்த மக்களின் குடியுரிமையைத் தொட்ட 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தையோ 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையோ விவரிக்கும் வரியில் அன்றைய ஆவணச் சொல் வந்தால் குற்றமில்லை. ஆனால் இன்று வாழும் மக்களைப் பற்றிய கட்டுரைக்கு மலையகத் தமிழர் என்பதே தலைப்பாக வேண்டும், அவர்களே தங்களை அப்படி அழைத்துக்கொள்ளும்போது வேறென்ன? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறியவர்கள் மலையில் இல்லையே என்ற மறுப்பு நியாயமானது. அதைக் கட்டுரையின் முதல் பந்தியில் சொல்லலாம், தலைப்பில் திணிக்க முடியாது.

இந்த விசாரிப்பு முழுவதற்கும் என் பரிந்துரை ‘பெயர்வழக்கு’. வழக்கு என்றால் பிணக்கு. உலக வழக்கு, பேச்சு வழக்கு என்னும்போது புழக்கமும் அதுதான். பிணக்கைப் புழக்கத்தை வைத்தே தீர்க்க வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து

——

பதுளையிலிருந்து:

அண்ணா, வழக்கு என்றதும் எங்கள் ஆட்களுக்குக் கோர்ட்டுதான் ஞாபகம் வரும். தவணை போட்டுப் போட்டு அலைந்தவர்கள் அதிகம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு இடிப்பது ‘பெயர்’. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் நாம் இல்லை, நாம் மாற்றுவதும் இல்லை. சிவனொளிபாதமலை என்பவரும் ஸ்ரீபாத என்பவரும் பாவா ஆதம் மலை என்பவரும் ஒரே மலைக்குத்தான் ஏறுகிறார்கள். விக்கி எதைத் தலைப்பில் வைத்தாலும் அவர்கள் வாயில் வருவது மாறப்போவதில்லை. நாம் தொடுவது தலைப்பை மட்டும். அதனால் ‘தலைப்பு வழக்கு’ என்று வையுங்கள். ‘பெயர்வழக்கு’ என்றால் ‘ஒரு பெயர் வழங்கும் விதம்’ என்றும் பொருள்படும், மொழியியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொன்று. ஆங்கில விக்கிப்பீடியாவில் தலைப்பு மாற்றம் பற்றிக் குறைந்தது 7 நாள் பேச விடுகிறார்கள், பிறகு அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாத ஒருவர் முடித்துவைக்கிறார். அவருக்கும் ஒரு சொல் வேண்டுமே? நடுவர் என்றால் பட்டிமன்றம் ஆகிவிடும்.

——

பண்டாரவளையிலிருந்து:

தங்கச்சி சொல்வது சரி, ‘தலைப்பு வழக்கு’ என்றே இருக்கட்டும். கோர்ட்டு வாடை கொஞ்சம் இருப்பதும் நல்லதுதான், வருகிறவர் ஆதாரத்தோடு வருவார். முடித்துவைப்பவருக்குத் தனிச்சொல் வேண்டாம், ‘முடித்துவைப்பவர்’ என்பதே போதும். 7 நாள் நமக்குப் போதாது. நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமைதான் கணினி முன் உட்காருகிறார்கள். இரண்டு ஞாயிறாவது அகப்படும்படி 14 நாள் என்று வைக்கலாம்.

பட்டியலில் இப்படி இடுகிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்:

தலைப்பை மாற்று: பொத்தானில். ‘நகர்த்து’ பழைய வடிவமாகப் பட்டியலில் இருக்கும்.
தலைப்பு வழக்கு: மாற்றத்துக்கு முன் உரையாடல் பக்கத்தில் நடக்கும் விசாரிப்பு.
வழிமாற்று: உள்ளபடியே. பயன்பாட்டுக் குறிப்பில் ‘தோற்ற தலைப்பை அழிக்கற்க’ என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

ஹட்டன் கட்டுரைக்கான வழக்கை யாராவது அந்தப் பக்கத்திலேயே தொடங்கிவிடுங்கள். இங்கே வேண்டாம்.