வீடு வாங்க சொலிசிட்டர்: ஏஜென்ட் சொல்பவரா, மலிவானவரா, தமிழ் தெரிந்தவரா?

ஹரோ புதுவீடு:

வணக்கம். லண்டன் ஹரோவில் இரண்டு அறை மெசோனெட் ஒன்றுக்கு நாங்கள் கேட்ட விலை சரிவந்திருக்கிறது. 420,000 பவுண்ட், லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை), லீஸில் 84 வருடம் மிச்சம். வங்கியும் கொள்கையளவில் கடன் தரச் சம்மதித்துவிட்டது. இப்போது "உங்கள் சொலிசிட்டர் யார்?" என்று ஏஜென்ட் தினமும் போன் எடுத்துக் கேட்கிறார்.

மூன்று பேர் கையில் இருக்கிறார்கள். ஏஜென்ட் கைகாட்டும் நிறுவனம் ஒன்று. அவர்களிடம் போனால்தான் கெதியாக முடியுமாம். இணையத்தில் 699 பவுண்ட் என்று போட்டிருக்கும் நிறுவனம் இன்னொன்று. மனைவியின் சித்தப்பாவுக்கு வீடு வாங்கிக் கொடுத்த தமிழ் லோயர் மற்றவர்.

டிபொசிட்டில் எங்கள் சேமிப்புப் போக, சீட்டுக் காசு 15,000, யாழ்ப்பாணத்தில் இருந்து மாமா (மனைவியின் அப்பா) அனுப்பும் 20,000 இருக்கிறது. இதில் சிக்கல் வருமா? முதல் வீடு என்பதால் ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்குபவர் அரசுக்குக் கட்டும் வரி) 6,000 என்று கால்குலேட்டர் காட்டியது. அது சரிதானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மில்டன்கீன்ஸ் மதுரைக்காரன்:

ஏஜென்ட் சொல்கிற ஆளைத்தான் எடுக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை சார். உங்களை அனுப்பி வைப்பதற்கு அவருக்குக் கமிஷன் போகலாம். வாங்கினால் அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும், எவ்வளவு என்று நேரடியாகக் கேளுங்கள். கமிஷன் இருப்பதாலேயே அந்த நிறுவனம் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் ஏஜென்ட்டுக்குச் சம்பளம் கொடுப்பவர் விற்பவர், நீங்கள் இல்லை.

699க்கு வருவோம். அது அடிப்படை ஃபீஸ். லீஸ்ஹோல்ட் என்றால் கூடுதல், மோர்ட்கேஜ் என்றால் கூடுதல், அன்பளிப்புப் பணம் வந்தால் ஆளுக்கு இவ்வளவு, ஸ்டாம்ப் டியூட்டி படிவம் நிரப்ப ஒன்று, அடையாளச் சோதனைக்கு ஒன்று, சாப்ஸ் முறையில் (அன்றே போய்ச்சேரும் வங்கிப் பரிமாற்றம்) பணம் அனுப்ப ஒன்று. இவற்றுக்கு மேல் 20% வாட். கவுன்சில் சர்ச் (பதிவேட்டுத் தேடல்), தண்ணீர்-வடிகால் சர்ச், சுற்றுச்சூழல் சர்ச், லேண்ட் ரெஜிஸ்ட்ரி கட்டணம் எல்லாம் தனி. கட்டண விவரத்தை இணையத்தளத்தில் போட வேண்டும் என்று சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்ஆர்ஏ 2018 டிசம்பரிலேயே விதி கொண்டுவந்துவிட்டது. மூன்று பேரிடமும் "லீஸ்ஹோல்ட், மோர்ட்கேஜ், ஒரு அன்பளிப்பு, எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று எழுத்தில் வாங்குங்கள். மலிவானவர் அப்போதும் மலிவாக இருக்கிறாரா பாருங்கள்.

நான் போன மலிவு நிறுவனத்தில் ஃபைல் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு புதிய ஆளும் அதே பாங்க் ஸ்டேட்மென்ட்டை மறுபடி கேட்டார். அதனால் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: என் ஃபைலைத் தினமும் பார்க்கப் போவது யார், அவர் லீவில் போனால் யார்?

ஈஸ்ட்ஹாம் அக்கா:

நான் கன்வேயன்சிங் (வீடு கைமாற்றும் சட்ட வேலை) பிரிவில்தான் வேலை செய்கிறேன். மதுரைக்காரர் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

எடுக்கப் போகிறவர் எஸ்ஆர்ஏ பதிவேட்டில் இருக்கும் சொலிசிட்டரா, சிஎல்சி (கன்வேயன்சர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) உரிமம் பெற்ற கன்வேயன்சரா என்று பாருங்கள். இருவருமே இந்த வேலை செய்யலாம். அப்புறம் உங்கள் வங்கியின் பேனலில் (வங்கி ஏற்றுக்கொண்ட நிறுவனங்களின் பட்டியல்) அந்த நிறுவனம் இருக்க வேண்டும். வங்கி சார்பிலும் பெரும்பாலும் அதே சொலிசிட்டர்தான் வேலை செய்வார். பேனலில் இல்லையென்றால் வங்கிக்குத் தனி லோயர், உங்களுக்கு இரட்டைச் செலவு. தமிழ் லோயரிடம் முதலில் இதைக் கேளுங்கள். தமிழ் தெரிவது நல்லதுதான், ஆனால் அவர் அதிகம் பார்ப்பது இமிகிரேஷன் கேஸ் என்றால் லீஸ்ஹோல்ட் வேலைக்கு அவர் சரிவர மாட்டார்.

இனிச் சீட்டுக் காசு. பல தமிழ் ஃபைல்கள் நின்றுபோவதே இதில்தான். பணச்சலவை தடுப்பு விதிகளின்படி காசு எங்கிருந்து வந்தது என்பதைச் சொலிசிட்டர் ஆதாரத்தோடு பார்த்தே ஆக வேண்டும். மாதம் மாதம் நீங்கள் சீட்டுக்குக் கட்டியது பாங்க் ஸ்டேட்மென்ட்டில் தெரிகிறதா? எடுத்த காசு பாங்க் வழியாக வந்ததா? சீட்டுப் பிடித்தவர் ஒரு கடிதமும் ஆட்கள் பட்டியலும் தருவாரா? கையில் வாங்கி ஒரே நாளில் கணக்கில் போட்ட 15,000 என்றால் விளக்கம் சொல்வது கஷ்டம்.

இன்னொன்று, சீட்டை முன்னதாக எடுத்துவிட்டு மிச்சத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் அது சேமிப்பு இல்லை தம்பி, கடன். வங்கிக்குச் சொல்லாமல் இருந்துவிட்டுச் சொலிசிட்டர் கண்டுபிடித்தால் அவர் வங்கிக்கு அறிவிக்க வேண்டியிருக்கும்.

மாமா அனுப்பும் 20,000க்கு, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் பங்கும் கேட்க மாட்டேன் என்ற கடிதம் வேண்டும். அவருடைய அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு, அந்தக் காசு அவருக்கு எப்படி வந்தது (காணி விற்றதா, ஓய்வூதியமா) என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள். சிங்களத்திலோ தமிழிலோ இருந்தால் மொழிபெயர்ப்பும் எடுத்து வையுங்கள்.

ஹரோ புதுவீடு:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. சீட்டு முழுக்கக் கட்டி முடித்துக் கடைசியாக எடுத்தது, கட்டியதும் எடுத்ததும் பாங்க் வழிதான். நிம்மதி. மாமா காசு பற்றிச் சொல்லும்போது மனைவி ஒன்று கேட்கிறா. கல்யாணத்துக்கு அவவுடைய பெயரில் சீதனமாக எழுதிய வீடு ஒன்று ஊரில் இருக்கிறது. இப்போது அவவின் தம்பி குடும்பம் இருக்கிறது. இதைச் சொலிசிட்டரிடம் சொல்ல வேண்டுமா? இங்கே எங்களுக்கு வீடு கிடையாதே.

ஈஸ்ட்ஹாம் அக்கா:

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்!

முதல் வீடு வாங்குவோருக்கான சலுகைக்கு உலகத்தில் எங்கேயும் வீடு சொந்தமாக இருந்திருக்கக் கூடாது. இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருக்கும் அது பொருந்த வேண்டும். சீதன வீடு உங்கள் மனைவியின் பெயரில் இருப்பதால் 6,000 என்ற கணக்கு போய்விட்டது. 2025 ஏப்ரல் 1இல் இருந்து நடைமுறையில் உள்ள விகிதப்படி சாதாரண வரி 11,000 வரும்: 125,000 வரை ஒன்றுமில்லை, அடுத்த 125,000க்கு 2%, மீதி 170,000க்கு 5%.

அதோடு முடியாது. அந்த வீட்டின் பெறுமதி 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால் இது உங்களுக்கு இரண்டாவது வீடாகக் கணக்கிடப்படும். அப்போது முழு விலைக்கும் மேலதிகமாக 5%, அதாவது இன்னும் 21,000. மொத்தம் 32,000! "சரி, என் பெயரில் மட்டும் வாங்குகிறேன்" என்றாலும் தப்ப முடியாது. இந்த மேலதிக வரிக்குச் சேர்ந்து வாழும் கணவனையும் மனைவியையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள்.

வெறும் காணி என்றால் கணக்கில் வராது, வீடு இருப்பதுதான் பிரச்சினை. கம்ப்ளீஷனுக்கு (புது வீடு உங்கள் கைக்கு வரும் நாள்) முன் சீதன வீட்டை உண்மையாகவே தம்பி பெயருக்கு எழுதிக் கொடுத்தால் மேலதிக 5% விழாது. ஆனால் இருவர் பெயரிலும் வாங்கினால் முதல் வீட்டுச் சலுகை திரும்பி வராது. உறுதிப் பத்திரத்தில் பெற்றோருக்குச் சீவிய உருத்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) ஏதும் வைத்திருக்கிறார்களா என்று பார்த்து, மொழிபெயர்ப்போடு வரி ஆலோசகரிடம் காட்டுங்கள். பல கன்வேயன்சர்கள் வரி ஆலோசனை தருவதில்லை என்று ஒப்பந்தக் கடிதத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். எடுக்கும் முன்னே "வெளிநாட்டு வீட்டு விஷயத்தில் நீங்கள் ஆலோசனை சொல்வீர்களா?" என்று கேளுங்கள். மூன்று பேரில் யாரை எடுப்பது என்பதை இந்தக் கேள்விக்கு வரும் பதிலே பாதி முடிவு செய்துவிடும்.

குரொய்டன் லீஸ்:

எல்லோரும் காசைப் பற்றியே கதைக்கிறீர்கள், லீஸ் 84 என்பதை யாரும் கவனிக்கவில்லை. 80க்குக் கீழ் போனால் நீட்டிப்பு விலை ஏறும். இன்னும் நான்கு வருடம்தான். லீஸை நீட்டிக்க இரண்டு வருடம் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 31இல் எடுக்கப்பட்டுவிட்டது, எனவே வாங்கியதும் கேட்கலாம். விற்பவரே நீட்டித்துத் தருவாரா என்று இப்போதே பேரம் பேசினால் இன்னும் நல்லது. சேவைக் கட்டணம், நிலவாடகை, பெரிய பராமரிப்பு வேலைக்கான அறிவித்தல் எல்லாம் நிர்வாகப் பொதியில் (கட்டிட நிர்வாகம் பற்றிய ஆவணத் தொகுப்பு) வரும். அதை ஃப்ரீஹோல்டர் (நிலத்தின் சொந்தக்காரர்) தரப்பில் இருந்து வாங்கவே பல கிழமை ஆகலாம். விற்பவர் அதை ஓர்டர் பண்ணிவிட்டாரா என்று உங்கள் ஏஜென்ட்டைக் கேளுங்கள், தினமும் போன் எடுக்கிறாரே!

ஹரோ புதுவீடு:

மூன்று பேரையும் கூப்பிட்டுக் கேட்டேன். 699 நிறுவனம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஏஜென்ட் சொன்னவர்களைவிடக் கூட வருகிறது. தமிழ் லோயர் எங்கள் வங்கிப் பேனலில் இல்லை, அதை அவரே நேர்மையாகச் சொல்லிவிட்டார். ஏஜென்ட்டின் நிறுவனத்தில் ஃபைலை யார் பார்ப்பார் என்று கேட்டதற்கு "எங்கள் குழு" என்றார்கள். கடைசியில் அந்தத் தமிழ் லோயரே கைகாட்டிய வேறொரு சொலிசிட்டரை எடுத்திருக்கிறோம். ஃபைலைத் தானே பார்ப்பாராம். வெளிநாட்டு வீடு பற்றிக் கேட்டதும் உறுதியின் பிரதி கேட்டார், வரி ஆலோசகர் ஒருவரையும் சொன்னார். மச்சானோடு இன்று இரவு கதைக்கிறோம்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:

நல்லது. டிபொசிட் அனுப்பும் கட்டத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஈமெயில் வந்தால் காசு அனுப்ப வேண்டாம். முதல் கடிதத்தில் இருக்கும் நம்பருக்குப் போன் எடுத்து, உங்கள் ஃபைலைப் பார்க்கும் ஆளிடமே கணக்கு இலக்கத்தை வாசித்துச் சரிபாருங்கள்.